கறுப்பு உடுப்பு

"நாலு கடிதம் போட்டாச்சு. நாலையும் குப்பையில போட்டீங்களா?"

எய்லிஃப் சாப்பாட்டு மேசையில் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தான். அழைத்தவள் மாவட்ட ஆஸ்பத்திரியின் குடல்நோய்ப் பிரிவு நர்ஸ், தோர்ஹில்ட்.

"ஃபெர்ரிப் படகுல வேலைம்மா, லீவு கிடைக்கலை. அதோட எனக்கு ஒண்ணுமே இல்ல. மூணு வருஷமா ரத்தம் போகலை, வலியும் இல்லை."

"பெருங்குடல் அழற்சி வந்து எத்தனை வருஷம்?"

"பத்தொன்பது."

"அத்தனை வருஷமானா குடல்ல புற்று வரலாம். அது என்ன, கடுதாசி போட்டுட்டா வரும்? உங்க மனைவிகிட்ட துக்கத்துக்குப் போடுற கறுப்பு உடுப்பு இருக்கா? இல்லாட்டி இப்பவே வாங்கி வைக்கச் சொல்லுங்க!"

எய்லிஃபுக்குச் சுரீரென்றது. எதிரே காட் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த மனைவி குன்வோருக்கும் அது கேட்டுவிட்டது.

"இவ நர்ஸா, சவப்பெட்டி விக்கிறவளா?" என்றாள் அவள்.

"செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வந்து சேருங்க." போன் துண்டிக்கப்பட்டது.

"போறேன்," என்றான் எய்லிஃப். "பரிசோதனைக்கு மட்டும் இல்ல. அவ மேல புகார் எழுதிக் குடுத்துட்டுத்தான் திரும்புவேன்."

திங்கட்கிழமை முழுக்கக் குடலைச் சுத்தம் செய்யும் உப்புத் தண்ணீரைக் குடித்தான். கழிப்பறைக்கு ஓடிய ஒவ்வொரு தடவையும் அவளைச் சபித்தான்.

மறுநாள் பிரிவில் அவள் இல்லை. புகார்க் கடிதம் கோட்டுப் பையிலேயே இருக்க, மேசையில் ஏறிப் படுத்தான். கேமராக் குழாயை உள்ளே விட்டதும் திரையில் அவன் குடல் தெரிந்தது. அங்கங்கே குஞ்சம் குஞ்சமாகச் சதை.

"இதெல்லாம் பழைய புண் ஆறினப்ப வந்தது. பயமில்லை," என்றாள் டாக்டர்.

பிறகு, கண்ணுக்குத் தப்புவதும் தெரிய, நீலச் சாயம் தெளித்தாள். கேமரா ஓரிடத்தில் நின்றது. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தட்டையாக ஒன்று.

அதை அங்கேயே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆனது.

"செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் புற்றுநோய் ஆகலை," என்றாள் டாக்டர். "முழுசா எடுத்துட்டோம். ஆனா அடிக்கடி வந்து பார்க்கணும். ஒருநாள் பெருங்குடலையே எடுக்கவேண்டி வரலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

வெளியே வந்ததும் எய்லிஃப் புகார்க் கடிதத்தைக் கிழித்தான்.

"நேர்ல பார்த்து நன்றி சொல்லிடுவோம்," என்றாள் குன்வோர். "நானும் கண்டபடி பேசிட்டேன்."

வரவேற்பில் இருந்த பெண் தோர்ஹில்டின் பெயரைக் கேட்டதும், எங்கோ போன் செய்து அனுமதி கேட்டாள். பிறகு நிமிராமலேயே சொன்னாள்: "மூணாவது மாடி, ஏழாம் அறை."

அலுவலகம் என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கட்டில். எலும்பும் தோலுமாக ஒருத்தி சாய்ந்திருந்தாள். குரல் மட்டும் அதேதான்.

"ஃபெர்ரிக்காரரா? என்ன சொன்னாங்க?"

எய்லிஃப் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லதாப் போச்சு. அன்னிக்கு ரொம்பக் கடுமையாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. அன்னிக்குக் காலையிலதான் என்னோட பரிசோதனை முடிவு வந்தது. புற்று கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சாம்."

குன்வோர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கும்... இதே நோயா?"

"இருபத்திரண்டு வருஷமா. பரிசோதனைக்கு வராம தட்டிக் கழிக்கிறவங்களோட பட்டியல் என்கிட்டதான் இருந்தது. ஒருத்தர் விடாம எல்லாரையும் திட்டிக் கூப்பிட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஆறு வருஷமா அதுல என் பேரும் இருந்தது. என்னைத் திட்டத்தான் ஆள் இல்லாமப் போச்சு."