வாள்வீரனா, அரக்கனா?

நாளை மருத்துவமனையில் சேரப்போகும் என் தம்பி ஷுன்பெய், ஒசாகாவின் பழைய வீடியோ கேம் கடையில் இரண்டு பெட்டிகளோடு நிற்கிறான். குழல்விளக்கின் வெளிச்சம் ஒன்றில் வாள்வீரன்மேலும் மற்றதில் அரக்கன்மேலும் வழுக்குகிறது. வார்டுக்குள் ஒன்றுதான் கொண்டுபோகலாம். அவன் இன்னும் எத்தனை வாரம் இருப்பான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். “ரெண்டுமே உயிரை வாங்கும் தம்பி. வாள்வீரன் ஒரு மாசத்துல முடிஞ்சிடும். அரக்கன் செத்தாலும் இன்னும் பலமா திரும்பி வருவான், முடிவே கிடையாது,” என்கிறார் கடைக்காரர். “எதை எடுக்கலாம், அக்கா?” என்கிறான் தம்பி. “ஆடப்போறது நீதானே?” “பயந்தாங்கொள்ளி! கை போடு. ஜெயிச்சவங்க சொல்றதுதான்.” கல், கத்தரி, காகிதம் என்று இருவரும் கையை ஆட்டுகிறோம். அவன் எப்போதும் முதலில் கத்தரிதான் காட்டுவான். கத்தரி வெட்டட்டும், தோற்றுவிடலாம் என்று நான் கையைக் காகிதமாக விரிக்கிறேன். அவன் முஷ்டியை மூடி, காகிதத்திடம் தோற்கும் கல்லாக நீட்டுகிறான். “ஜெயிச்சிட்டே, சொல்லு,” என்று சிரிக்கிறான். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.