குராஷிகிக்குப் போய்வந்தவர்

"குராஷிகியில் இருந்தேன் என்கிறாய். சரி, அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? சொல்லேன்."

குடிவரவு அலுவலக அதிகாரி பர்மிய மொழியில், சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்ததுதான் அய்யூபுக்குப் பயமாக இருந்தது.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ரங்கூனே தெருவில் இறங்கியபோது அவனும் இறங்கினான். துப்பாக்கி வெடித்ததும் மாணவர்களோடு தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு ஓடினான். எட்டு வருஷம் கழித்து, மலேரியா தின்று மிச்சம் வைத்த உடம்போடு, போன மாதம்தான் ரங்கூன் பசுந்தாங்கில் அக்கா நபீஸாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அரசாங்கக் குடும்பப் பட்டியலில் அவன் பெயரைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். பெயர் இல்லாதவன் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரருக்குத் தண்டனை. காட்டில் இருந்தவன் என்று தெரிந்தாலோ இரண்டு பேருக்கும் சிறை.

அதனால் ஜப்பான் கதை. கள்ள பாஸ்போர்ட்டில் ஜப்பானுக்குப் போய் ஹோட்டல்களில் உழைத்துவிட்டு வந்தவர்கள் ரங்கூனில் எத்தனையோ பேர். அவர்களைக் கொஞ்சம் மிரட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

"டோக்கியோன்னு மட்டும் வாயத் தொறக்காதே. போயிட்டு வந்தவன் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கான்," என்று சொல்லிவிட்டாள் அக்கா. பன்சொடான் தெரு நடைபாதைக் கடையில், யாரும் கேள்விப்படாத ஜப்பானிய ஊர்களைப் பற்றிய பழைய சுற்றுலாப் புத்தகம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்க, இவன் மூன்று வாரம் உட்கார்ந்து ஒப்பித்தான்.

இப்போது அதிகாரியின் பக்கத்தில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"இவர் ஊ பீர் முகைதீன். உங்கள் ஆள்தான். அதே குராஷிகியில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர். நீ சொல்வது நிஜமா பொய்யா என்று இவர் சொல்லிவிடுவார்."

அய்யூப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

"ஒரு மியூசியம் இருக்கிறது, சயா. வெள்ளைக்காரர்களின் ஓவியங்கள் வைத்திருக்கிறார்கள்."

"முன்பக்கம் எப்படி இருக்கும்?" பெரியவர் கேட்டார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"பெரிய பெரிய கல்தூண்கள். நம் ஊர் பழைய பாங்க் கட்டடங்கள் மாதிரி."

அதிகாரி பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார்.

"அதற்கு எதிரே?" என்றார் அதிகாரி.

"கால்வாய். இரண்டு கரையிலும் வில்லோ மரம். படகு போகும்."

மறுபடியும் தலையசைப்பு.

"கொடுத்துவைத்தவன்," என்றார் அதிகாரி. "நான் இந்த நாற்காலியை விட்டு பக்கத்திலிருக்கும் மாவ்பியைக்கூடத் தாண்டியதில்லை. கோயில்?"

"ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒனோமிச்சி என்ற ஊரில், சயா. மலைமேல். ஸென்கோஜி என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் கடலும் தீவுகளும் தெரியும்."

"முஸ்லிம் பையனுக்கு அங்கே என்ன வேலை?"

"சும்மா, வேடிக்கை பார்க்க."

"எப்படி மேலே போனாய்?" அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"கம்பியில் தொங்குகிற வண்டியில்."

"எத்தனை நிமிஷம்?"

புத்தகத்தில் அந்த வண்டியின் படம்தான் இருந்தது. நிமிஷக் கணக்கு இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது.  வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னான்.

"பத்து நிமிஷம்... இருக்கும்."

பெரியவர் உடனே தலையசைக்கவில்லை. அய்யூபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் விரல்கள் பேனாவைத் தட்டுவதை நிறுத்தின.

"ஊ பீர் முகைதீன்?"

"பத்து நிமிஷம்தான்," என்றார் பெரியவர். "இவன் அங்கே இருந்தவன்தான், சயா. சந்தேகமே வேண்டாம்."

அதிகாரி முத்திரையை எடுத்துக் காகிதத்தில் அழுத்தினார். "போ. இனிமேல் எங்கேயும் சுற்றாதே."

அய்யூப் படியிறங்கித் தெருவுக்கு வந்தான். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. அவன் நடையைக் கூட்டினான், செருப்பும் கூடியது. சந்தை நெரிசலில் நுழைந்து, மீன்காரிகளைத் தாண்டியும் அது விடவில்லை. ஓடைக்கரையில் ஒரு கை அவன் தோளைப் பிடித்தது.

"நில்லுங்க தம்பி," என்றார் பெரியவர், தமிழில்.

"பாய், எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"யாரு கேட்டா?" அவர் மூச்சு வாங்கினார். "நீங்க சொன்ன மியூசியம், கோயிலு, தொங்குற வண்டி, எதையும் நான் பாத்ததே கெடையாது. எட்டு வருஷமும் ஒரு ஹோட்டல் பின்கட்டுல தட்டுக் கழுவினேன். லீவு நாள்ல போலீஸுக்குப் பயந்து ரூம்புல படுத்துக் கெடந்தேன். நம்மள மாதிரி போனவன் எவனுமே ஊர் பாத்ததில்ல. அந்த ஆளுக்கு அது தெரியாது; நீங்க அங்க போகவே இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

 ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அவர் தலையசைத்தது அய்யூபின் கண்முன் வந்தது.

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப்பைக்குள்ளிருந்து ஓரம் மடங்கிய ஒரு சின்ன போட்டோவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"எம் மவன், நிஹாலு. எண்பத்தெட்டு செப்டம்பர்ல சுட்டப்ப, மாணவப் பசங்களோட போனவன். காட்டுல எங்கயாச்சும் இவனப் பாத்தீங்களா, தம்பி?"