குனிந்து நுழையும் வாசல்

"வர்ற ஞாயித்துக்கிழமை கஸ்தோன் எந்த வழியா நுழையறான்னு பார்த்துடறேன்" என்றாள் மேயர் ஒதில்.

கொத்தனார் ஃபாபியேன் சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

தொள்ளாயிரம் வருஷத்து மாதா கோயில். ஒரு கை நீளத்துக்குக் கனமான சுவர்கள், அரைவட்ட வளைவுகள், கோபுரத்துக்குப் பதிலாக இரண்டு மணிகள் தொங்கும் ஒற்றைச் சுவர். கோயில் ஊராட்சிச் சொத்து என்பதால் பழுது பார்ப்பது ஒதிலின் பொறுப்பு.

வடக்குச் சுவரில் நாலடி உயரத்துக்கு ஒரு வாசல் உண்டு. அது வழியாக ஈரக்காற்று வருகிறது, அடைத்துவிடலாம் என்று ஒதில் சொன்னாள். ஊராட்சிச் சபையில் யாரும் மறுக்கவில்லை.

ஈரக்காற்று ஒரு சாக்குதான்.

அது ககோக்களின் வாசல். எதற்காக ஒதுக்கினார்கள் என்றே யாருக்கும் தெரியாத தச்சர் குடும்பங்கள் அவர்கள். தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, கல்லறைத் தோட்டத்திலும் தனி மூலை. இருநூறு வருஷத்துக்கு முன் நடந்த பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு எல்லோரும் பெரிய வாசல் வழியே வந்தார்கள். ஆனாலும் எந்த வீடு எந்த வாசலைச் சேர்ந்தது என்பதை ஊர் மறக்கவில்லை.

ஒதிலின் அப்பா தச்சர்.

அவளோடு ஒரே வகுப்பில் படித்த, ஊரின் பெரிய வீட்டைச் சேர்ந்த கஸ்தோன் லபோர்த், ஆறு மாதமாகப் பூசைக்கு அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் வருகிறான். ஆறடி உயரம். இரண்டாக மடிந்து, நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வருவான். பின்வரிசையில் சிரிப்பை அடக்குவார்கள்.

"உங்க வழியில இப்பெல்லாம் பெரிய மனுஷங்க வர்றாங்களாமே" என்று ரொட்டிக்கடைக்காரி கேட்ட அன்று, ஒதில் ரொட்டி வாங்காமலே வீடு திரும்பினாள். மறுநாளே ஃபாபியேனுக்கு ஆள் அனுப்பினாள்.

முதல் கல் வாசற்படியில் உட்காரும்போது கஸ்தோன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஒதில், நிறுத்தச் சொல்லு."

"ஏன், கேலி பண்ண வேற இடமே கிடைக்கலையா உனக்கு? எங்க ஆளுங்க குனிஞ்சது போதும். நீ வேற அதை நடிச்சுக் காட்ட வேண்டாம்."

"நான் கேலி பண்ணல."

"அப்புறம்?"

அவன் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டான். குளிர்காலத்தில் பங்குச் சாமியாருக்கு உதவியாக, எலி கடித்த பழைய கோயில் ஏடுகளைப் பிரித்து அடுக்கியதாகச் சொன்னான். அதில் ஒரு பக்கத்தை அவன் யாரிடமும் காட்டவில்லையாம்.

"இந்தச் சுவரை உடைச்சு வாசல் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது ஒரு லபோர்த். எங்க முன்னோர். 'உயரம் வேண்டாம், குனிந்தே வரட்டும்'னு அவர் கையாலயே எழுதியிருக்கு. நீ இதை அடைச்சிட்டா, எங்க ஆளுங்க செஞ்சதும் சேர்ந்து மறைஞ்சிடும்."

ஒதில் ஃபாபியேனிடம் கல்லை எடுத்துவிடச் சொல்லிக் கை காட்டினாள்.

"ஆறு மாசம் முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, கஸ்தோன்."

"சொல்ல வெட்கமா இருந்துச்சு. குனியறது சுலபமா இருந்துச்சு."