எழுபது டிகிரி

“எழுபது டிகிரிடா. தொட்டியில ஐஸ் போட்டியா, வெந்நீர் போட்டியா?”

ஹெல்மெட்டைக் கழற்றித் தம்பியின் கையில் திணித்துவிட்டு அக்கா நிழலைத் தேடிப் போனாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. மலைப்பாதைப் பந்தயத்துக்கு முந்தைய நாள் ஒத்திகை அது. அதிலும் கார் பாதி மலையில் சோர்ந்துபோய், அக்காவுக்கு ஒன்பதாவது இடம்தான் கிடைத்திருந்தது.

அவள் ஓட்டுவாள், அவன் மெக்கானிக். இருவரும் ஒரே பட்டறையில் வளர்ந்தவர்கள். ஒயர் பற்றவைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பந்தயக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘புயல்’. போன வருஷம் இதே மலையின் ஏழாவது வளைவில் கார் பாறையில் மோதி, மூன்று முறை உருண்டு தலைகீழாகக் கிடந்தது. ஜன்னல் வழியே தவழ்ந்து வெளியே வந்தவள், பாறைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் விசாரித்தாள். அன்றைக்கு மயங்கி விழுந்தது தம்பிதான். பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி என்று அவளைப் பற்றி இன்றுவரை பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அவளுக்காகக் காரை அவனே புதிதாகக் கட்டினான். அதன் பிறகுதான் இந்தச் சூடு வந்து தொலைத்தது. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று கொதிக்கும். என்ஜினுக்குள் போவதற்கு முன் அதைக் குளிர்விக்க, தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் ஒன்றை வைத்திருந்தான். டிக்கியில் ஒரு ஐஸ் தொட்டி, அதிலிருந்து தண்ணீரைச் சுற்றவிட ஒரு பம்ப். முறைப்படி காற்று முப்பது டிகிரிக்கு இறங்கிவிட வேண்டும். ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த திரை எழுபது காட்டியது. காற்று அவ்வளவு சூடாக இருந்தால் என்ஜின் வீணாகாமல் இருக்க கம்ப்யூட்டர் தானாகவே அதன் பலத்தைக் குறைத்துவிடும். நான்கு பந்தயங்கள் இப்படியே கோட்டை விட்டாயிற்று.

அவன் பார்க்காத வைத்தியம் இல்லை. பம்பை மாற்றினான். தொட்டியைப் பெரிதாக்கினான். சூட்டை அளக்கும் சென்சாரையே இரண்டு தடவை மாற்றினான். குழாயைத் தொட்டால் விரல் விறைத்தது, திரை மட்டும் எழுபதைவிட்டு இறங்குவேனா என்றது.

அன்று மாலை பந்தய அணியின் முதலாளி பட்டறைக்கு வந்தார். நாளைக்கும் இதே கதை என்றால் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கா தனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று தம்பி எதிர்பார்த்தான். அவள் கையுறையின் தையலை நிமிண்டிக்கொண்டு சும்மா நின்றாள். வேலை போவதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

மறுநாள் காலை அவளுக்கு வாந்தி. சாப்பிட்டது சேரவில்லை என்று குளியலறைக்கு ஓடியவள், கார் சாவியை மேஜையிலேயே விட்டுப் போயிருந்தாள். அந்தச் சாவியை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. தினமும் முதல் ஸ்டார்ட் தன் கையால்தான் என்று அடம்பிடிப்பாள். என்ஜின் சூடேறிய பிறகுதான் தம்பி பக்கத்தில் போக முடியும்.

பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க அவன் சாவியைத் திருப்பினான். என்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. விடிய விடியக் குளிரில் நின்ற கார். திரை அறுபத்தெட்டு என்றது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடாத காருக்கு எங்கிருந்து வரும் சூடு?

சென்சாரிலிருந்து உள்ளே போகும் ஒயர்களைப் பிடித்துக்கொண்டு, மேலே சுற்றியிருந்த டேப்பை உரித்துக்கொண்டே போனான். ஒரு முழம் தாண்டியதும் அகப்பட்டது. இரண்டு ஒயர்களையும் இணைத்து, அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டரை யாரோ பற்றவைத்திருந்தார்கள். காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் சூடு, சூடு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல அது ஒன்று போதும். அதை வெட்டி எடுத்தான். திரை சட்டென்று பத்தொன்பதுக்கு இறங்கியது.

 நான்கு பந்தயம், நான்கு மாத அவமானம். கூடவே திரியும் எந்தப் பாவியோ எதிரணிக்கு விலைபோயிருக்கிறான். விஷயம் வெளியே கசியக்கூடாது என்று ஒயரை ஒட்டி, டேப்பைச் சுற்றி, வாயை மூடிக்கொண்டான். அக்கா வந்ததும் வெளிறிய முகத்தோடு காரில் ஏறினாள்.

புறப்படும் கோட்டில் கார் நின்றதும் அவன் ஜன்னலுக்குள் குனிந்தான். கண்டுபிடித்ததையெல்லாம் மூச்சுவிடாமல் அவள் காதில் கொட்டினான். உள்ளங்கையை விரித்து ரெசிஸ்டரைக் காட்டினான்.

“இனிமே கவலையே இல்லைக்கா. முழு வேகத்துல போ. இதை எவன் வெச்சான்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

அக்கா எவன் என்று கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள். இருபத்தாறு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எதிரே கொடியோடு நின்றவர் மூன்று விரல்களைக் காட்டினார். அக்காவின் கை ஜன்னலைத் தாண்டி வந்து தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பற்றியது.

“அதை ஏன்டா எடுத்தே?” என்றாள் கம்மிய குரலில். “ஏழாவது வளைவை நெனச்சாலே எனக்குக் கண்ணு இருட்டுது. நானா ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா புயலுக்குப் பயம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்... அதனாலதான்டா அதை நானே வெச்சேன்.”