ஒன்றை மட்டும் ஏற்றியவர்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. மேலாளரின் கழுத்தில் மட்டும் வியர்வை வழிகிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் அதன் எல்லாத் தொகுப்புகளையும் சேர்த்தே ஏற்ற வேண்டும், ஒன்று இன்னொன்றின் தோளில் நிற்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “ஓடுற மெஷினை ஏம்மா நோண்டுற? ஆடிட்டுக்கு இந்த ஒண்ணு போதும்” என்று மேலாளர் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு தொகுப்பை மட்டும் ஏற்றினார். அது உள்ளே வந்ததும், பல மென்பொருள்களுக்கும் பொதுவான பழைய கோப்பைத் துடைத்துவிட்டுப் புதியதை வைத்தது. பழையதைத் தேடித் தேடி ஆய்வக மென்பொருள் செத்துக் கிடக்கிறது. இப்போது நாற்காலி எனக்குத் திரும்பிவிட்டது. விட்டுப்போன தொகுப்புகளை இறக்குகிறேன். திரையில் கோடு எறும்பாக ஊர்கிறது, அதன் பச்சை வெளிச்சம் என் நகங்களில் படிகிறது. மேசைமேல் மல்லாந்து கிடக்கும் ஃபோனில் ஆய்வக அக்கா கத்துகிறாள்: “அடியே, பிரசவ வார்டுல அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கவே இல்லடி. ரத்த வகை ரிப்போர்ட் இல்லாம ரத்த வங்கியில பையைத் தரமாட்டேங்குறாங்க.” “கையால எழுதிக் குடுங்கக்கா!” “மெஷின் சீட்டுதான் செல்லுமாம். உங்க ஆள் போட்ட ரூல்தானே?” அந்த ஆள் சுவரைப் பார்த்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு செல்லில் பேசுகிறார்: “புதுப் பொண்ணு சார். படிப்பு இருக்கு, பக்குவம் இல்ல. எதையோ நோண்டிடுச்சு.” நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு கடைசித் தொகுப்பையும் ஏற்றுகிறேன். ஆய்வக மென்பொருள் உயிர்பெறுகிறது. “அக்கா, வந்துடுச்சு, பிரிண்ட் எடுங்க!” அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். “இனி வேணாம்டி” என்கிறாள் அக்கா. மேலாளர் செல்லில் சொல்கிறார்: “சரியாயிடுச்சு சார்.”