புகைபோக்கியிடம் ஒரு வேண்டுதல்

ஜப்பானிய நகரம் ஒன்றில், மூடிப்போன பஞ்சாலையின் புகைபோக்கியும் கோயில் வாசல் கல் நரியும் அக்கம்பக்கம். அங்கே சாமி கும்பிடுகிறவர்கள் இரண்டு முறை கைதட்டுவார்கள். ஊருக்குப் புதியவளான மினோரி, எது கோயில் என்று தெரியாமல் புகைபோக்கியைப் பார்த்துத் தட்டினாள். "எனக்கு ஒரு வேலை வேணும்."

அவள் போனதும் புகைபோக்கி பதறியது. "நானே வேலை போய் நிக்கிறேன். என்கிட்ட வந்து கேக்கிறாளே."

"வாயை மூடு," என்றது நரி. "சாமின்னா பேசாம இருக்கணும்."

"என்னைக் கட்டினதிலிருந்தே அது திறந்துதானே கிடக்கு," என்றது புகைபோக்கி.

அடுத்த மாதம் மினோரி, கையில் வழிகாட்டிக் கொடியோடு சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வந்தாள். "இந்தப் புகைபோக்கியால இப்ப ஒரு பிரயோஜனமும் இல்லை," என்று விளக்கிவிட்டு, அதைப் பார்த்து பயபக்தியோடு இரண்டு முறை தட்டினாள். பயணிகளும் தட்டினார்கள்.

யாரும் பார்க்காதபோது நரியும் புகைபோக்கியைப் பார்த்துத் தட்ட, தன் முன்னங்கால்களைத் தூக்கப் பார்த்தது. கல் அல்லவா, அசையவில்லை.