காலித் தீப்பெட்டி

கணவரின் சட்டைப் பையில் மறுபடியும் தீப்பெட்டி. வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன்னால் துழாவியவள் கையில் அதுதான் அகப்பட்டது. திறந்தால் ஒரு குச்சிகூட இல்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள். சிகரெட் வாடையும் இல்லை, அவ்வளவு சாமர்த்தியம்.

நெஞ்சுச் சளியில் படுத்து எழுந்த மனுஷன். புகை இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

அவருக்காகத்தான் மொட்டை மாடியில் அந்தத் தோட்டமே. மருந்தடித்த காய் வேண்டாமென்று, காய்த் தோலையும் சருகையும் மட்க வைத்து மண்ணில் கலந்து கலந்து, அவளுக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். கத்தரித் தளிரெல்லாம் அசுவினி பச்சைப் பேனாக அப்பிக் கிடந்தது. பூண்டுக் கரைசலுக்கெல்லாம் அது அசைந்து கொடுக்கவில்லை.

போதாக்குறைக்கு இன்னொரு பூச்சி. கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டோடு, பார்த்தாலே கூசும். தினமும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றாலும், மறுநாள் சொல்லிவைத்த மாதிரி வந்து நின்றது.

அவருக்கு நாற்றுப் பண்ணையில் இரவுக் காவல். விடிந்து வீடு திரும்பியதும், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று நேரே மாடிக்குப் போவார். இறங்கி வந்து படுத்த பிறகுதான் அவள் வாளியோடு ஏறுவாள்.

இப்போதும் மேலேதான் இருந்தார். யாருக்காக இந்தப் பாடு? எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுவது என்று முடிவு கட்டி, பழக்கதோஷத்தில் நேற்றைய சோப்புத் தண்ணீர் வாளியையும் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

கத்தரிச் செடியருகே குனிந்திருந்தவர், அவளைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததையா ஒளிக்கிறீங்க? எனக்கு அலுத்துப் போச்சுங்க. நான் மண்ணோட மாரடிக்கிறேன், நீங்க இங்க நின்னு ஊதிட்டிருக்கீங்க. இன்னிக்கு ஒரு செடி விடாம பிடுங்கப்போறேன்."

"ஊதுறேனா? அய்யய்யோ, இங்க பாரு!" பதறிப்போய் மாடிக் கதவருகே வந்து தீப்பெட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டித் திறந்தார்.

உள்ளே கறுப்பாக, முள் முள்ளாக, ஆரஞ்சுப் பொட்டோடு நான்கைந்து ஊர்ந்துகொண்டிருந்தன.

"பொறிவண்டுக் குஞ்சு. அசுவினிதான் இதுக்குச் சாப்பாடு, தின்னே தீர்த்துடும். பண்ணையில வளர்க்கறாங்க, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வரேன். நீ படற பாட்டைப் பார்க்க முடியல. செடி தேறினதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாவம், ராத்திரியெல்லாம் கண்விழித்த முகம்.

"என்ன மாயமோ தெரியல, ஒரு மாசமா கொண்டாந்து விடறேன். ஒண்ணுகூடத் தங்க மாட்டேங்குது. எனக்கும் அலுத்துப் போச்சு, இன்னிக்கோட விட்டுடலாம்னு பார்க்கறேன்" என்றார் அவர்.

அவள் வாளியைக் காலாலேயே மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இனிமே தங்கும்ங்க."